முட்டை ஓட்டைக் கோழிக்குப் போடும் முன் தீவன மூட்டையைப் பாருங்கள்

போன வருடம் வைகாசியில் ஒரு காலை கோழிக்கூட்டைத் திறந்தேன். கோழிகள் அடையும் கம்புக்குக் கீழே, எச்சத்தின் மேல், ஓடே இல்லாத முட்டை ஒன்று கிடந்தது. கையில் எடுத்தால் தளதளவென்று ஆடியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக எழும்பியது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "தோல்முட்டைடா. சுண்ணாம்புச் சத்து இல்ல. வீட்டுல தின்ன முட்டை ஓட்டை நொறுக்கிப் போடு, சரியாயிரும்" என்றார்.

போட்டேன். இரண்டு மாதம் விடாமல் போட்டேன். தோல்முட்டை நிற்கவில்லை. நடுவில் ஒரு பெட்டை முட்டையைக் கொத்திக் குடிக்கப் பழகியது. மிக்ஸி ஜார் கீறல் விழுந்து வெளுத்துப்போனது, அதற்காக வீட்டில் வாங்கிய திட்டு தனி. கடைசியில் பார்த்தால் கோளாறு வேறு இடத்தில் இருந்தது. அம்மா சொன்னது தப்பில்லை, முட்டை ஓடு நல்ல சாமான்தான். எதற்கு, எவ்வளவு, யாருக்கு, எப்போது என்று தெரியாமல் நான் போட்டதுதான் தப்பு. புதிதாகக் கொல்லையில் நாலைந்து கோழி வளர்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு அந்த இரண்டு மாதம் மிச்சமாகட்டும்.

என்னிடம் இருப்பவை ஒன்பது பெட்டைகள், ஒரு சேவல். நாலு கிராமப்பிரியா (மேம்படுத்திய ரகம்), ஐந்து நாட்டுக்கோழி. ஊர் விருதுநகர் பக்கம், வெயிலுக்குப் பஞ்சமில்லை. கீழே வரும் கணக்குகள் இந்த ஒன்பதை வைத்துப் போட்டவை. உங்கள் எண்ணிக்கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

1. ஓட்டை எடுக்கும் முன் மூட்டைச் சீட்டை வாசியுங்கள்

தீவன மூட்டையின் வாயைத் தைக்கும்போது ஒரு சீட்டையும் சேர்த்துத் தைத்திருப்பார்கள். சில கம்பெனிகள் மூட்டையின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதில் இரண்டே விஷயம் பாருங்கள். ஒன்று, இது லேயர் தீவனமா, வேறா. இரண்டு, கால்சியம் எத்தனை சதவீதம்.

முட்டைக்கோழிக்கான லேயர் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். குஞ்சுத் தீவனம், வளரும் கோழித் தீவனம், பிராய்லர் தீவனம் எல்லாவற்றிலும் 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். நல்ல முட்டைக்கோழி ஒன்று நாளைக்கு 100 கிராம் தீவனம் தின்கிறது என்று வையுங்கள். லேயர் தீவனம் என்றால் 3.5 முதல் 4 கிராம் கால்சியம் உள்ளே போகிறது. பிராய்லர் தீவனம் என்றால் 1 கிராம். தினமும் முட்டையிடும் கோழிக்கு வேண்டியது 4 கிராம் அளவில். மூட்டை மாறினால் மீதி 3 கிராமுக்குக் கோழி எங்கே போகும்? தன் எலும்பிலிருந்துதான் எடுக்கும். அதுவும் தீர்ந்தால் தோல்முட்டை.

எனக்கு நடந்தது இதுதான். கடையில் மூட்டையைப் பிரித்து கிலோ கணக்கில் கொடுத்தார்கள். "கோழித் தீவனம்" என்று கேட்டேன், கோழித் தீவனம் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து ஒருநாள் மூட்டையைக் காட்டச் சொல்லிப் பார்த்தால் அது பிராய்லர் கோழியைக் கறிக்கு ஏற்றும் கடைசிக் கட்டத் தீவனம். கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, நான் முட்டைக்கோழிக்கு என்று கேட்கவில்லை. அதனால் சில்லறையில் வாங்கினாலும் மூட்டையைக் காட்டச் சொல்லுங்கள், சீட்டைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தயாரித்த தேதியும் அதில் இருக்கும். பழைய தீவனத்தில் வைட்டமின்கள் குறைந்துபோயிருக்கும். கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும், அதுவும் இப்படிக் குறைகிற கூட்டத்தில் ஒன்று.

கம்பெனித் தீவனமே போடாமல் நொய், கம்பு, சோளம், பழைய சோறு என்று போடுபவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருங்கள். தானியத்தில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. 100 கிராம் அரிசியில் சுமார் 10 மில்லிகிராம், கம்பில் சுமார் 40. தானியங்களில் ராஜா கேழ்வரகு, அதிலேயே 340 மில்லிகிராம் சொச்சம்தான். 4 கிராம் என்பது 4,000 மில்லிகிராம். தானியம் மட்டும் தின்று, மேயவும் அதிக இடமில்லாத கோழிக்கு முட்டை ஓடோ கிளிஞ்சலோ கட்டாயம் வேண்டும்.

2. உங்கள் கோழி யார் என்று பாருங்கள்

நாட்டுக்கோழி 10, 15 முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். வருடம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் 60, 80 முட்டை. நடுவில் நீண்ட ஓய்வு இருப்பதால் எலும்பில் விட்டதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். தோட்டத்தில் மேய்ந்து நத்தை, பூச்சி, கீரை என்று தானாகவும் தேடிக்கொள்ளும். எங்கள் பாட்டி காலத்துக் கோழிகளுக்கு யாரும் கால்சியம் வைத்ததில்லை என்று சொல்பவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தக் கோழி வேறு.

கிராமப்பிரியா மாதிரியான மேம்படுத்திய ரகங்கள் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு முட்டையிடும், அடைக்கும் அவ்வளவாக உட்காராது. இவற்றை நாட்டுக்கோழி போல நொய்யைப் போட்டு வளர்த்தால் முதலில் மெலிவது ஓடுதான்.

வயதும் பாருங்கள். முட்டையிடத் தொடங்கிய விடைக்கோழி முதல் இரண்டு வாரத்தில் ஒன்றிரண்டு தோல்முட்டை இடுவது சகஜம். அதற்காக ஓடிப்போய் டானிக் வாங்க வேண்டாம், உடம்பு பழகிக்கொள்ளும். மறுபக்கம் வயதான கோழி. வயது ஏற ஏற முட்டை பெரிதாகும், ஓட்டுக்குச் செலவாகும் சுண்ணாம்பு அந்த அளவுக்குக் கூடாது. ஒரே மாவில் பெரிய தோசை வார்த்தால் மெல்லிசாகத்தானே வரும்.

எந்தக் கோழி மோசமான முட்டை இடுகிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். சந்தேகப்படும் கோழியை இரவில் தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள், மறுநாள் முட்டையிடும் வரை அதிலேயே தண்ணீரும் தீவனமும் கொடுங்கள். ஆளுக்கு இரண்டு மூன்று நாள் பார்த்தால் போதும். நான் ஒன்பது கோழிக்கும் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தோல்முட்டையில் பாதிக்கு மேல் ஒரே கிழட்டுப் பெட்டையின் வேலை.

3. கணக்கு: ஒரு ஓட்டுக்கு இரண்டு ஓடு

இதை முதலிலேயே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடை முட்டை ஒன்றின் ஓடு காய்ந்தபின் 5 கிராம் அளவில் இருக்கும். அதில் பெரும்பகுதி, 95 சதவீதத்தை ஒட்டி, கால்சியம் கார்பனேட். சுத்தமான கால்சியமாகப் பார்த்தால் 2 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. கோழி தின்கிற கால்சியத்தில் ஏறக்குறைய பாதிதான் உடலில் சேரும், மீதி எச்சத்தில் போய்விடும். ஆக, 2 கிராம் கால்சியம் உள்ள ஓட்டைச் செய்ய 4 கிராம் தின்ன வேண்டும். 4 கிராம் என்றால் இரண்டு ஓடு. கோழி ஒரு முட்டையிட்டு, அதன் ஓட்டை முழுசாகத் திருப்பிக் கொடுத்தாலும் அடுத்த முட்டைக்குப் பாதிதான் தேறும்.

என் வீட்டில் நாளைக்குச் சராசரி ஐந்து முட்டை. மொத்தத் தேவை 20 கிராம் கால்சியம், அதாவது பத்து ஓடு. நாங்கள் வீட்டில் சாப்பிடுவது மூன்று முட்டை, மீதி விற்பனைக்கும் அடைக்கும் போகிறது. பத்துக்கு மூன்று. இரண்டு மாதம் ஓடு போட்டும் ஏன் சரியாகவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

இப்போது மூட்டையை மாற்றியபின் கணக்கைப் பாருங்கள். கோழிக்கு 50 கிராம் லேயர் தீவனம், மீதி வயிற்றுக்கு நொய்யும் மேய்ச்சலும். 3.5 சதவீதக் கணக்கில் ஒன்பது கோழிக்கும் சேர்த்து 15.75 கிராம் கால்சியம் தீவனத்திலேயே வந்துவிடுகிறது. குறைவது 4 கிராம் சொச்சம். அதற்கு வேண்டியது இரண்டு மூன்று ஓடு. வீட்டில் சேர்வதும் அதுதான். (முட்டையிடாத கோழியும் இதில் பங்கு தின்னும், அதனால் இது தோராயம்தான்.)

முழு வயிற்றுக்கும் லேயர் தீவனமே போடுகிறீர்கள் என்றால் முட்டை ஓடு அவசியமே இல்லை. ஒரு ஓரமாகத் தனியே வைத்தால் வேண்டியது மட்டும் தின்னும், வைக்காவிட்டாலும் குடி முழுகாது.

4. ஓடு சேர்ப்பது

வீட்டு முட்டை ஓடு போதவில்லை என்றால் ஆம்லெட் போடும் கடை, பரோட்டாக் கடை, பேக்கரி ஆகியவற்றில் கேட்கலாம். எங்கள் தெரு முனைக் கடை அண்ணன் ஒரு வாளியைக் கொடுத்தால் இரவு மூடும்போது நிரப்பி வைத்துவிடுவார், காசு வாங்கமாட்டார். ஆனால் அந்த வாளியைத் திறக்க மூக்குக்குத் துணிச்சல் வேண்டும். இரவே எடுத்துவந்து கழுவிவிடுங்கள். ஒருநாள் விட்டால் புழு, இரண்டு நாள் விட்டால் எலி.

வெளியிலிருந்து வரும் ஓட்டை வேகவைக்காமல் கோழிக்கூட்டுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எந்தப் பண்ணை, எந்தக் கோழி என்று தெரியாது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் ஓட்டில் ஒட்டிய எச்சத்தோடும் கருவோடும் வரும். அதே காரணத்துக்காகக் கடையின் பழைய அட்டைத் தட்டுகளையும் கோழி இருக்கும் இடத்துக்குக் கொண்டுவராதீர்கள். குஞ்சு பொரிப்பகத்தில் கழித்த ஓடு கிடைத்தாலும் வேண்டாம். அதில் பொரியாத கருவும் செத்த குஞ்சும் கலந்திருக்கும்.

வேகவைத்த முட்டையின் ஓடு பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் உள்சவ்வில் வெள்ளைக்கரு ஒட்டியிருக்கும், கழுவித்தான் ஆகவேண்டும். சவ்வை உரிக்கத் தேவையில்லை. நான் முதல் வாரம் ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தேன். வேலையற்ற வேலை.

5. கொதிக்கவிட்டுக் காயவையுங்கள்

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருமுறை செய்தால் போதும். அதுவரை கழுவிய ஓடுகளை ஒரு கூடையில் வெயில் படும் இடத்தில் வையுங்கள். பழைய அலுமினியப் பாத்திரத்தில் ஓடு மூழ்கத் தண்ணீர் விட்டு, தளதளவென்று கொதி வந்தபின் 10 நிமிடம் விடுங்கள். மேலே நுரை பொங்கும், அடுப்பைச் சுற்றி வழிந்துவிடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். தண்ணீரை வடித்து, ஆறியதும் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம்.

அப்புறம் முறத்தில் பரப்பி வெயிலில் காயவையுங்கள். சித்திரை, வைகாசியில் ஒரே பகல் போதும். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாளானாலும் சவ்வு பிசுபிசுவென்றே இருக்கும். அப்போது வறுத்துவிடுவதுதான் வழி. பழைய இரும்புச் சட்டியில் சிறு தீயில் 10, 15 நிமிடம் கிளறிக்கொண்டே இருந்தால், ஓடு கலகலவென்று சத்தம் கொடுக்கும், கையில் எடுத்தால் பொடிபொடியாக உடையும். சவ்வு கருகும்போது முடி பொசுங்கிய நாற்றம் வரும். வீட்டுக்கு வெளியே அடுப்பு வைத்துச் செய்யுங்கள். தோசைக்கல்லில் வறுக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். கேட்டிருக்கக்கூடாது.

வறுத்தால் சுட்ட சுண்ணாம்பாகிவிடாதா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ஆகாது. காளவாயில் 800 டிகிரிக்கு மேல் சூடேற்றினால்தான் அது நடக்கும், வீட்டு அடுப்பில் வறுத்தால் ஓடு ஓடாகவே இருக்கும்.

இங்கே ஒரு பொறி. காயவைக்கும் ஓட்டுக்கு எறும்பு மொய்க்கும். உடனே எறும்புச் சாக்பீசை எடுத்து முறத்தைச் சுற்றிக் கோடு போடாதீர்கள். அது பூச்சிமருந்து. கோடு போட்ட இடத்தைக் கோழி கொத்தும், ஓட்டிலும் ஒட்டும். ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு நடுவில் செங்கல்லை வைத்து அதன்மேல் முறத்தை வையுங்கள்.

6. மிளகு அளவுக்கு நொறுக்குங்கள்

முழு ஓட்டையோ பாதி ஓட்டையோ அப்படியே எறியாதீர்கள். முட்டையின் உருவத்தில் இருப்பதைத் தின்னப் பழகினால் நாளைக்குக் கூட்டில் இருக்கும் முட்டையையும் கொத்தும் என்பார்கள். என் கறுப்புப் பெட்டை கொத்தக் கற்றது ஓட்டைப் பார்த்தா, தோல்முட்டை உடைந்து அதன் ருசியைக் கண்டா என்று யோசித்தால், இரண்டாவதுதான் காரணமாக இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. எதுவானாலும் நொறுக்கிப் போடுவதில் நமக்கு நட்டமில்லை.

மாவாக அரைக்கவும் வேண்டாம். கோழிக்குக் கறி வெட்டும்போது உள்ளே மணலும் கல்லுமாக ஒரு தடித்த பை வருமே, அதில் மிளகு அளவுத் துண்டுகள் நின்று நிதானமாகக் கரையும். மாவு சீக்கிரம் வழுக்கிக்கொண்டு போய்விடும். தவிர, கோழிக்கு மாவைக் கொத்தவும் பிடிக்காது, பாதி காற்றில் போகும், பாதி அலகில் ஒட்டும்.

காய்ந்த ஓட்டைப் பழைய துணிப்பையில் போட்டு வாயைச் சுருட்டி, பூரிக்கட்டையால் உருட்டியோ அம்மிக் குழவியால் தட்டியோ நொறுக்குங்கள். இரண்டு நிமிட வேலை. பிறகு மாவுச் சல்லடையில் சலியுங்கள். மேலே நிற்பது கோழிக்கு. கீழே விழும் பொடியையும் எறிய வேண்டாம், முட்டையிடும் கோழிக்குத் தவிட்டோடு கஞ்சித் தண்ணீர் விட்டுப் பிசைந்து வையுங்கள். மிக்ஸி வேண்டாம். ஏன் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

நன்றாகக் காய்ந்ததை மூடி இறுகிய பாட்டிலில் போட்டால் மாதக்கணக்கில் இருக்கும். மூடியைத் திறக்கும்போது நாற்றம் வந்தால் ஈரத்தோடு போட்டிருக்கிறீர்கள். திரும்ப வறுக்காதீர்கள், செடிக்குப் போட்டுவிடுங்கள்.

7. தனியாக வையுங்கள், சாயங்காலம் வையுங்கள்

தீவனத்தில் கலந்தால் எல்லாரும் ஒரே அளவு தின்னவேண்டியதாகிவிடும். முட்டையிடாத கோழி, அடைக்கோழி, சேவல், குஞ்சு என்று யாருக்கும் அது தேவையில்லை. முட்டையிடும் கோழிக்குத் தன் உடம்புக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரியும், தேடி வந்து தின்னும். ஒரு கொட்டாங்குச்சியைக் கம்பியால் தூணில் கட்டி, பெரிய கோழியின் நெஞ்சு உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். குஞ்சுக்கு எட்டாது, மண்ணில் கொட்டாது. ஒன்பது கோழிக்கு ஒரு நாளைக்கு மூன்று தேக்கரண்டிக்கு மேல் காலியாவதில்லை.

குஞ்சு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நாலு மாதத்துக்குக் கீழே உள்ள குஞ்சும் விடையும் முட்டைக்கோழிக்கான கால்சியத்தைத் தொடர்ந்து தின்றால் சிறுநீரகம் கெடும். நான் லேயர் தீவனத்துக்கு மாறிய உற்சாகத்தில் எல்லாருக்கும் அதையே போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் கால்நடை மருத்துவர் குஞ்சுகளைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே, "இதுங்களுக்கு என்ன போடுறீங்க?" என்றுதான். அன்றைக்கே குஞ்சுகளைத் தனித் தடுப்பில் விட்டேன். விடைகளுக்கு முதல் முட்டையைப் பார்த்தபின், அல்லது கொண்டை சிவந்து முட்டையிட இடம் தேடத் தொடங்கும்போது ஆரம்பித்தால் போதும். நாட்டுக்கோழிக்கு அது ஆறு மாத வாக்கில் வரும்.

நேரம் சாயங்காலம். கோழி பெரும்பாலும் காலையில் முட்டையிடும். அதற்கு அரைமணியில் அடுத்த மஞ்சள்கரு இறங்கும். நாலைந்து மணி நேரம் கழித்து அது ஓடு கட்டும் பையை அடையும். அங்கே சுமார் 20 மணி நேரம் இருக்கும். ஓட்டின் பெரும்பகுதி இரவில்தான் படிகிறது. அந்த நேரத்தில் கோழி கம்பில் தூங்கிக்கொண்டிருக்கும், தின்ன முடியாது. அடையும் முன் வயிற்றில் நாலு துண்டு ஓடு இருந்தால் இரவெல்லாம் கரைந்து உதவும். கொட்டாங்குச்சி நாள் முழுக்கத் தொங்கினாலும் ஐந்து மணிக்கு ஒருமுறை பார்த்து நிரப்புங்கள்.

சிலர் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து வைக்கிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு. சுண்ணாம்பு காரமானது, வாயையும் தொண்டையையும் பொத்துவிடும். தெளிந்த நீரை மட்டும் ஊற்றினாலும் ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் கால்சியம் 1 கிராம்கூட இருக்காது. கோழி குடிக்கும் கால் லிட்டரில் என்ன வந்துவிடப்போகிறது.

8. செலவு

லேயர் தீவனம் எங்கள் பக்கம் நான் கடைசியாக வாங்கியபோது சில்லறையில் கிலோ 38 ரூபாய். ஒன்பது கோழிக்கு நாளைக்கு 450 கிராம், மாதம் பதின்மூன்றரைக் கிலோ, 513 ரூபாய். முன்பு வாங்கிய பிராய்லர் தீவனம் இதைவிட 4 ரூபாய் கூடுதல். ஆக, அதிகக் காசு கொடுத்துத் தப்பான தீவனம் வாங்கியிருக்கிறேன்.

முட்டை ஓடு இலவசம். வாரத்துக்கு 10 நிமிட எரிவாயு, அரைமணி நேர வேலை. அந்த அரைமணிக்கு நேரமில்லாத வாரங்களும் இருக்கின்றன, வீட்டில் முட்டையே சாப்பிடாத புரட்டாசியும் இருக்கிறது. அதற்குத்தான் கிளிஞ்சல். தீவனக் கடையில் நொறுக்கிய கிளிஞ்சல் கிடைக்கும், சிப்பி என்றும் சொல்வார்கள். எனக்கு 5 கிலோ 100 ரூபாய்க்குக் கிடைத்தது, ஐந்து மாதமாகியும் முடியவில்லை. கிளிஞ்சலும் முட்டை ஓடும் அதே கால்சியம் கார்பனேட்தான். ஓட்டைத்தான் போடுவேன் என்று வீம்பு பிடிக்காதீர்கள். வாங்கும்போது உள்ளங்கையில் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள், மணலும் மண்ணும் கலந்தது நிறைய வரும். ஜல்லிப் பொடியைக் காட்டி இதுவும் அதேதான் என்றால் நம்பாதீர்கள். கருங்கல் இரையை அரைக்க உதவும், கரையாது, கால்சியம் தராது. வெளியே மேயும் கோழிக்கு அந்தக் கல்லை மண்ணே கொடுத்துவிடும்.

கால்சியம் டானிக் பாட்டில்களை நான் இரண்டு வாங்கினேன். அந்தக் காசுக்குக் கிளிஞ்சல் ஒரு வருடத்துக்கு வந்திருக்கும்.

9. ஒரு நோட்டு போடுங்கள்

பழைய பள்ளிக்கூட நோட்டு போதும். தேதி, மொத்த முட்டை, அதில் தோல்முட்டை எத்தனை, ஓடு மெலிந்தது எத்தனை, அன்று தீவனம் மாற்றினீர்களா, வெயில் எப்படி. ஆறு நெடுவரிசை. நினைவை நம்பாதீர்கள். நான் மனக்கணக்காகத் தினமும் தோல்முட்டை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதிப் பார்த்தால் வாரத்துக்கு மூன்று.

மாற்றம் எப்போது தெரியும்? தீவனம் சரியாகி, சாயங்கால ஓடும் வைத்தால் ஒரு வாரத்திலேயே ஓடு கெட்டிப்படும். என் நோட்டில் பத்தாவது நாளுக்குப் பிறகு மற்ற எட்டுக் கோழிகளின் பேரில் தோல்முட்டை இல்லை. மூன்று வாரமாகியும் மாற்றம் இல்லையென்றால் இன்னும் ஓடு கூட்டுவதில் பயனில்லை, காரணம் வேறு.

10. ஓடு போட்டும் சரியாகாவிட்டால்

முதலில் வெயிலைப் பாருங்கள். கத்திரியில் கோழி வாயைப் பிளந்து மூச்சிரைக்கும்போது இரத்தத்தில் உள்ள கரியமில வாயு அதிகமாக வெளியே போய்விடும். ஓட்டின் கார்பனேட்டுக்கு அதுதான் மூலம். தீனியும் குறையும். அந்த மாதத்தில் எவ்வளவு கால்சியம் வைத்தாலும் ஓடு கொஞ்சம் மெலியத்தான் செய்யும். மதியம் தண்ணீரை இரண்டு முறை மாற்றுங்கள், மண்சட்டியில் வையுங்கள், கூரையில் ஓலை போடுங்கள், தீவனத்தைக் காலை ஆறு மணிக்கும் சாயங்காலமும் வையுங்கள். நான் எல்லாவற்றையும் தொடங்கியது வைகாசியில் என்பதை இப்போது நினைத்தால், தோல்முட்டையில் ஒரு பங்கு வெயிலின் வேலை.

அடுத்து வெளிச்சம். நாள் முழுக்கக் கூரைக்குள் அடைத்து, வீட்டுத் தானியம் மட்டும் போடும் கோழிக்கு வைட்டமின் டி கிடைக்காது. காலையில் ஒரு மணி நேரமாவது வெளியே விடுங்கள்.

கீழ்க்கண்டவற்றைப் பார்த்தால் மட்டும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். பல கோழிகள் ஒரே வாரத்தில் தோல்முட்டை, கோணல் முட்டை இடுவது, அதோடு தும்மல், மூக்கொழுகல். வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல், கழுத்துத் திருகல். இவை நோய். வெள்ளைக்கழிச்சலும் சில சுவாச நோய்களும் முட்டை ஓட்டையும் கெடுக்கும். இன்னொன்று, ஒரு கோழி மட்டும் வாலைத் தொங்கவிட்டு, பெங்குவின் மாதிரி நிமிர்ந்து நின்று, முக்கிக்கொண்டே இருந்தால் முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். அது அன்றைக்கே போகவேண்டிய விஷயம், மறுநாள் என்று தள்ளாதீர்கள்.

போகும்போது கையில் கொண்டுபோக வேண்டியவை: நோட்டு, தீவனச் சீட்டின் படம், தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்ற குறிப்பு, உடையாமல் ஒரு டப்பாவில் தவிட்டுக்குள் வைத்த இரண்டு மோசமான முட்டை, அன்று காலை எச்சம் கொஞ்சம் காகிதத்தில் மடித்து. முடிந்தால் கோழியும். அரசு மருந்தகத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பிறகு மருத்துவர் கிராமங்களுக்குக் கிளம்பிவிடுவார். இவ்வளவும் கொண்டுபோனதால் எனக்குப் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அதற்கு முன் வெறுங்கையோடு போய் இரண்டு முறை, "தீவனச் சீட்டை எடுத்துட்டு வாங்க" என்று மருத்துவர் சொல்லத் திரும்பிவந்தேன்.

அந்தக் கிழட்டுப் பெட்டை இன்னும் வாரத்துக்கு ஒரு தோல்முட்டை இடுகிறது. கொட்டாங்குச்சிக்கு முதல் ஆளாக வந்து நிற்பதும் அதுதான். கறிக்குக் கொடுத்துவிடலாம் என்றால் அம்மா விடுவதில்லை.